கையெழுத்து வாங்கிட்டா ரிஸ்க் போயிடுமா?

இங்க பதிவு எழுதுற மக்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். அதனால இந்தச் சடங்கு உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். கஸ்டமர்கிட்ட நாலு நாள் உட்கார்ந்து கதை கேட்போம். நூத்தம்பது பக்கத்துக்கு ஒரு எஸ்.ஆர்.எஸ். தயார் பண்ணுவோம். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து, கடைசியில கம்பெனி சீல். "அப்பாடா, ரிஸ்க் கவர் ஆயிடுச்சு"ன்னு மேனேஜர் பெருமூச்சு விடுவார்.

யாரோட ரிஸ்க் சாமி? இதான் என் கேள்வி. அந்தக் கையெழுத்தால ப்ராஜக்ட்டோட ரிஸ்க் எள்ளளவும் குறையல. நம்ம தலையில இருந்ததைத் தூக்கி கஸ்டமர் தலையில வெச்சிருக்கோம், அவ்வளவுதான். இதுக்குப் பேர் ரிஸ்க் மேனேஜ்மென்ட்டாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி தயாரிக்கிற ஆலைகள் நிறைய. அதுல ஒரு ஆலையில நான் நேர்ல பார்த்த கூத்து இது (பேர் வேணாம்). புதுசா எழுதி வாங்கின சாஃப்ட்வேர். ஸ்கிராப் லாரி எடை மேடையில ஏறினதும் அது கேட்கிற முதல் கேள்வி: கிரேடு என்ன, ரேட் என்ன? லாரி உள்ள வரும்போது இது ரெண்டும் யாருக்கும் தெரியாது. சரக்கை இறக்கி, மண்ணு எவ்வளவு, துரு எவ்வளவுன்னு பார்த்து, கழிவு பேசி, அப்புறம்தான் ரேட் முடியும். சாஃப்ட்வேரோ ரேட் இல்லாம சீட்டு அடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது. வெளியில லாரி வரிசை கட்டி நிக்குது.

எடை மேடையில இருந்த தம்பி என்ன பண்ணுவார்? எல்லா லாரிக்கும் ஒரே கிரேடு, ரேட் ஒரு ரூபாய்னு தட்டிட்டு, நிஜக் கணக்கை நோட்டுல எழுதினார். மூணே மாசம்தான். கம்ப்யூட்டர் சொன்ன ஸ்டாக்குக்கும் யார்டுல கிடந்த இரும்புக்கும் சம்பந்தமே இல்லாம போச்சு. "எங்கய்யா போச்சு சரக்கு?"ன்னு முதல் கேள்வி அந்தத் தம்பிகிட்டதான். நோட்டு இருந்ததால தப்பிச்சார். இல்லேன்னா வேலையும் போயிருக்கும், திருடன்னு பேரும் வந்திருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனி சொன்ன பதில்? "நாப்பத்திரண்டாம் பக்கத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். மாத்தணும்னா தனி பில்."

உடனே நம்மாளுங்க ஒரு பல்லவி பாடுவாங்க: "கஸ்டமருக்கே என்ன வேணும்னு தெரியாது." தப்பு. இருபது வருசமா தொழில் பண்றவருக்குத் தெரியாம இருக்குமா? கையெழுத்துப் போடுறவர் ஒருத்தர், பட்டனைத் தட்டுறவர் வேற ஒருத்தர். அந்த ரெண்டாவது ஆளை நாம கேட்கவே இல்ல. அவரைக் கேட்டாலும் வாயால சொல்ல வராது. ஓடுற சாஃப்ட்வேரை முன்னாடி வெச்சாதான் "அய்யோ, இது இப்படி இல்லையே"ன்னு சொல்வார். அந்த வார்த்தையை ரெண்டாவது வாரத்துல கேட்கிறதா, பதினாலாவது மாசத்துல கேட்கிறதா? ரிஸ்க்னா இதுதான்.

காலேஜ்ல வாட்டர்ஃபால்னு ஒரு படம் வரைஞ்சு பதினாறு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? 1970ல வின்ஸ்டன் ராய்ஸ் எழுதின கட்டுரையில இருந்து வந்தது அது. அந்தப் படத்துக்குக் கீழேயே, இப்படிப் போனா ஆபத்து, தோல்விக்கு வழி வகுக்கும்னு மனுசன் எழுதியிருக்கார். நாம படத்தை மட்டும் சுட்டுட்டு வந்துட்டோம்.

சின்ன கம்பெனிகளுக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. ஜெர்மனியோட லிடில் கடைகள் 2011ல எஸ்.ஏ.பி. வேலையை ஆரம்பிச்சு, சுமார் 50 கோடி யூரோ செலவுக்கப்புறம் 2018ல கைவிட்டாங்க. லிடில் சரக்கிருப்பை வாங்கின விலையில மதிப்பிடுற கம்பெனி. அந்த மென்பொருளோ விற்கிற விலையில. ரெண்டையும் ஒட்டவைக்கப் போய்ச் சிக்கலும் செலவும் ஏறிப்போச்சு. நம்மூர் எடை மேடைக் கதையேதான், சைஸ்தான் பெருசு.

சரி, வேற வழி இருக்கான்னு கேட்டா, நம்ம நாட்டு உதாரணமே இருக்கு: ஈ-வே பில். 2018 பிப்ரவரி 1, நாடு முழுக்க ஒரே நாள்ல ஆரம்பிச்சாங்க. அன்னைக்கே தளம் படுத்துடுச்சு, தள்ளி வெச்சாங்க. கும்மிடிப்பூண்டியில இருந்து எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. அந்தப் பக்கம் லாரி அனுப்புறவங்களுக்கு அது எப்படிப்பட்ட நாளா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஏப்ரல் 1ல மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கு மட்டும். உள்மாநிலத்துக்குக் கர்நாடகா ஒண்ணுதான். அப்புறம் நாலஞ்சு மாநிலமா சேர்த்துக்கிட்டே போய், தமிழ்நாட்டுக்குள்ள ஜூன் 2ல வந்தது. உருவாக்கினது அதே என்.ஐ.சி.தான். சர்வரையும் பலப்படுத்தினாங்க, உண்மை. ஆனா துண்டு துண்டா இறக்கினதால, இடிச்சாலும் ஒரு துண்டுதான் இடிக்கும்.

இந்தப் பாடம் மூணே வருசத்துல மறந்துபோச்சு. சுமார் 4,242 கோடி ரூபாய்த் திட்டமான வருமான வரி தளத்தை 2021 ஜூன் 7ல ஒரே நாள்ல மாத்தினாங்க. ஆகஸ்ட்ல நிதியமைச்சர் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற நிலைமை. கடைசித் தேதி டிசம்பர் 31 வரைக்கும் தள்ளிப்போச்சு.

காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கம் சாஃப்ட்வேர் எழுதி வாங்க நினைக்கிற முதலாளிகளுக்கும், எழுதித் தர்ற நமக்கும் நான் சொல்றது இவ்வளவுதான்:

1. கடையில கிடைக்கிறதை எழுதாதீங்க. கணக்குக்கு டேலி இருக்கு. உங்க ஆலைக்கு மட்டுமே உரிய வேலைக்குத்தான் தனி சாஃப்ட்வேர்.

2. கஷ்டமானதை முதல்ல செய்யணும். நாம லாகின் பக்கத்தையும் கலர் கலரா டேஷ்போர்டையும் முதல்ல காட்டி பில் வாங்கிட்டு, எடை மேடை மீட்டரோட இணைக்கிற வேலையைக் கடைசி மாசத்துக்குத் தள்ளுவோம். மீட்டர் கம்பெனிக்கு ஒரு விதமா டேட்டா வரும். வெடிக்கப் போறது அங்கதான், அங்கேயே ஆரம்பிங்க.

3. ஆறு வாரத்துல ஒரு நிஜ லாரி உள்ள வந்து, எடை போட்டு, சீட்டோட வெளிய போகணும். போகலேன்னா அங்கேயே நிறுத்துற உரிமை ஒப்பந்தத்துல இருக்கணும்.

4. ஒரு மாசக் கணக்காவது நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடி டேலி ஆகட்டும். அதுவரைக்கும் நோட்டைத் தூக்கிப் போடாதீங்க.

5. காசு கொடுத்து எழுத வெச்சதாலேயே கோட் உங்களுக்குச் சொந்தம் ஆகாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துல மாத்திக் கொடுத்தாதான் சொந்தம். எத்தனை வருசத்துக்குன்னு எழுதலேன்னா அஞ்சு வருசம்தான். கோடும் பேக்கப்பும் உங்க கையில இருக்கட்டும்.

"துண்டு துண்டா பண்ணா மொத்த ரேட் எப்படிச் சொல்றது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான், முதலாளிக்கும் பட்ஜெட் வேணுமே. உச்ச வரம்பு ஒண்ணு சொல்லுங்க. அதுக்குள்ள ஒவ்வொரு துண்டுக்கும், அது ஓடினப்புறம் காசு. ஓடாத சாஃப்ட்வேருக்கு நாப்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டிக் காசு வாங்கிறதைவிட இது எவ்வளவோ மரியாதையான பொழப்பு.

இல்லை, எஸ்.ஆர்.எஸ்.தான் தெய்வம்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

டிஸ்கி: எஸ்.ஆர்.எஸ். எழுதவே கூடாதுன்னு நான் சொல்லல. எழுதுங்க. ஆனா அதை எடை மேடையில இருக்கிறவர்கிட்ட முதல்ல படிச்சுக் காட்டுங்க.