அவள் எழும்பிப் போகலாமா?

கரைத்தீவு என்றதும் பலபேர் அம்பாறைக் காரைதீவு என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்கள் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவு. எங்களுக்குத் தியேட்டர் என்றால் ஒரு வீட்டு விறாந்தையும் ஒரு லெப்டொப்பும்தான். போன மாதம் அங்கே அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு பழைய படங்கள் பார்த்தோம். ஒன்று டாரியோ அர்ஜென்டோவின் இத்தாலியப் படம் 'டீப் ரெட்' (1975). மற்றது பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980). இரண்டிலும் தொடர்கொலை. கதையைச் சொல்லாமல் இதைக் கதைக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் இந்த வகைப் படங்களை 'ஜல்லோ' என்பார்கள். மஞ்சள் என்று அர்த்தம். 1929 முதல் அங்கே மஞ்சள் அட்டையோடு வந்த மர்ம நாவல்களால் ஒட்டிக்கொண்ட பேர். கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, ரத்தச் சிவப்பில் சுவர்கள். எல்லாம் ஸ்டைல். 'டீப் ரெட்'டில் கொலைக்கு முன்னால் ஒரு சின்னப்பிள்ளைப் பாட்டு கேட்கும். இரண்டாம் தடவை அது கேட்டதுமே எங்களுக்கு முதுகு சில்லிட்டது. இனிமையான பாட்டை நம்பாதே என்று அந்தப் படம் பழக்கிவிடுகிறது.

'மூடுபனி' எங்களை அப்படிப் பழக்கவில்லை.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். இயக்கியதோடு ஒளிப்பதிவும் அவர்தான். இசை இளையராஜா, அவருக்கு இது நூறாவது படம். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிக் கொல்கிறான். அப்படிப்பட்ட பெண்களிடம் போன தகப்பனால் தாய் பட்ட பாடுதான் காரணம் என்கிறது படம். தாயின் சாயலை சோபா நடித்த ரேகாவிடம் கண்டு, அவளை ஊட்டிக்குக் கடத்திப்போகிறான். அங்கே கிட்டாரோடு அவன் பாடுவதுதான் 'என் இனிய பொன் நிலாவே'.

ஓம், அதே பாட்டுத்தான். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஸ்டேட்டஸில் கேட்கிற அதே காதல் பாட்டு.

பாட்டு வந்ததும் எல்லாரும் கூடச் சேர்ந்து பாடினோம். எங்களில் ஒருத்தி மட்டும் பாடவில்லை. முடிந்ததும் கேட்டாள்: "அவள் எழும்பிப் போகலாமா?" யாரிடமும் பதில் இல்லை.

எங்கள் குறை இதுதான். கொலைகாரனுக்குத் தாய் இருக்கிறாள், பாழான சிறுவயது இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. செத்துப்போகும் பெண்களுக்கு அவர்கள் செய்யும் தொழிலைத் தவிர வேறொன்றும் இல்லை. பிழை செய்தது தகப்பன். உயிரைக் கொடுப்பது யாரோ பெண்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த 'சிகப்பு ரோஜாக்க'ளிலும் இதே கணக்குத்தான். கமலின் கொலைவெறிக்குப் பெண்களிடம் பட்ட காயம்தான் காரணம்.

இத்தாலிக்காரரும் ஒன்றும் சுத்தமில்லை. பெண் சாவதை அழகாகக் காட்டியே பேர் வாங்கிய படங்கள் அங்கே ஏராளம். ஆனால் அந்த அழகு பயத்தோடு வருகிறது. எங்கள் பாட்டின் அழகு பயத்தைத் துடைத்துவிடுகிறது.

"படம்தானே மச்சான், விடுங்க" என்றான் ஒருவன். கொஞ்ச நேரத்தில் அவனே சொன்னான், பதில் போடாத ஒரு பிள்ளைக்கு இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினானாம். "கெட்ட எண்ணத்தில் அனுப்பல்லயே" என்றான். நம்புகிறோம். சந்துருவும் தன்னைக் காதலன் என்றுதான் நினைத்திருப்பான்.

'மூடுபனி'யைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் பாருங்கள். அந்த வெளிச்சமும் பனியும் இன்றைக்கும் கண்ணைவிட்டுப் போகாது. தனியாகப் பார்க்காமல் பெண்பிள்ளைகளும் இருக்கிற கூட்டத்தில் பாருங்கள். பாட்டு வரும்போது பாடுகிறவனை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறவளைப் பாருங்கள்.

நண்பன் அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குக் கடைசியாக ஒரு மெசேஜ் போட்டான். பாட்டு இல்லை. 'மன்னிச்சுக்கொள்ளுங்க, இனி அனுப்பமாட்டேன்' என்று மட்டும்.