பத்தியில் வந்துள்ள பொருளில்

நம் தோழர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம். கூட்டத்துக்கு வருவதில்லை, கவிதை எழுதி வருஷமாச்சு, ஞாயிற்றுக்கிழமையானால் படிப்பகத்தில் சேரிப் பிள்ளைகளை உட்கார வைத்து பேங்க் பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறான், குமாஸ்தா புத்தி எங்கே போகும் என்கிறார்கள். குமாஸ்தாதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பரீட்சையில் மற்றதெல்லாம் தேறி, இங்கிலீஷ் பகுதியில் மட்டும் கட்-ஆஃப் தாண்டாமல் இரண்டு தடவை வெளியே நின்றவனும் நான்தான். செஞ்சிப் பக்கத்துக் கிளையில் பணம் போட வருகிற கிழவியிடம் பேச எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. 2021-க்குப் பிறகு கணக்கையும் ரீசனிங்கையும் தமிழில் எழுதலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கிலீஷ் பகுதி அப்படியே நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லிப் போராடுவோம். எடுக்கிற வரைக்கும் நம்ம பிள்ளைங்க அதைத் தாண்டித்தான் போகணும்.

தாண்டுவதில் பெரிய இடறல், பத்தியைப் படித்து வார்த்தைக்குப் பொருள் சொல்லும் கேள்விகள். இதற்கு டவுன் கோச்சிங் சென்டர்காரன் சொல்கிற வைத்தியம் மூவாயிரம் வார்த்தை மனப்பாடம். நானும் செய்தேன். வீட்டுச் சுவரெல்லாம் தாள் ஒட்டி வைத்திருந்தேன், அம்மா சாமி படம் மாட்ட இடம் இல்லையென்று திட்டும். பரீட்சையில் அந்த மூவாயிரத்தில் ஒன்று வரவில்லை. வந்தது 'நாவல்'. எனக்குத் தெரியாத வார்த்தையா? கதைப் புத்தகம் என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பத்தியில் அது 'புதுமையான' என்ற பொருளில் வந்திருந்தது. தெரியாத வார்த்தை என்னைத் தோற்கடிக்கவில்லை. தெரிந்த வார்த்தைதான் தோற்கடித்தது.

கேள்வியை ஒழுங்காகப் படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. 'பத்தியில் பயன்படுத்தப்பட்டுள்ள பொருளில்' என்றுதான் எப்போதும் கேட்கிறான். அகராதியின் பொருளையோ உன் பொருளையோ கேட்கவில்லை. அந்தப் பத்தியை எழுதினவன், அந்த வரியில், அந்தச் சொல்லை வைத்து என்ன வேலை செய்கிறான் என்று கேட்கிறான்.

இந்த வித்தையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறதோ அதற்கேற்றபடி பொருள் மாறும் என்பதைச் சேரியில் பிறந்தவன் ஐந்து வயதில் தெரிந்துகொள்கிறான். ஆண்டை வீட்டுப் பொடியன் என் தாத்தாவை 'வாடா' என்பதும், தாத்தா என்னை 'வாடா' என்பதும் ஒரே சொல்லா? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஓர் அதிகாரி, "பரவாயில்லையே, நீங்க நல்லா இங்கிலீஷ் எழுதறீங்களே" என்றார். அந்த 'பரவாயில்லையே'வுக்குப் பொருள் சொல்ல எந்த அகராதியும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சொல்லாடல், அதிகாரம் என்று நாம் இதழ்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது பரீட்சைத் தாளில் ஒரு மார்க் கேள்வியாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிப்பகத்தில் நான் செய்யச் சொல்வது இது. கேட்ட வார்த்தையை மனசுக்குள் விரலால் மூடு. அந்த வரியையும், முன் வரி பின் வரியையும் படி. மூடின இடத்தில் வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு சொல்லைப் போடு. அப்புறம்தான் ஐந்து விடைகளைப் பார்க்க வேண்டும். முதலில் விடைகளைப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்று பல்லிளிக்கும், கை அங்கே போய்விடும். சொல் பிடிபடாவிட்டால், அது நல்லதைச் சொல்கிறதா கெட்டதைச் சொல்கிறதா என்றாவது பார். 'பட்', 'ஆல்தோ' வந்தால் வரி திரும்புகிறது, அந்தப் பக்கம் தெரிந்தால் இந்தப் பக்கம் அதற்கு எதிர். 'சச் ஆஸ்' வந்தால் பின்னாலேயே உதாரணம் வரும், உதாரணத்திலிருந்து பின்னோக்கி வா. எதிர்ச்சொல் கேட்டிருக்கிறானா என்று இன்னொரு தடவை பார்த்துவிடு. அங்கே ஒத்த சொல்லையும் ஒரு விடையாக வைத்திருப்பான், அவசரக்காரனுக்கு.

சொல்லைப் பிளந்து பொருள் காண்பதில் நமக்கு அயோத்திதாசப் பண்டிதரே முன்னோடி. 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பக்கங்களில் எத்தனை சொற்களை உடைத்துப் போட்டு வேறு வரலாறு எடுத்தார்! ஆனால் பரீட்சை ஹாலில் பண்டிதர் ஆகாதே. 'இன்' முன்னால் வந்தால் இல்லை என்று பொருள் என்பான். 'இன்வால்யுவபிள்' மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. 'இன்ஃப்ளேமபிள்' நன்றாகவே தீப்பிடிக்கும்.

கணக்கும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். கேள்விக்கு 40 விநாடி. தப்பானால் கால் மார்க் போகும். ஐந்து விடையில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்துக்கு ஒன்று சரி, நாலு தப்புக்கு ஒரு மார்க் போச்சு, நிகரம் பூஜ்யம். ஒரே ஒரு விடையை நிச்சயமாகத் தள்ளிவிட்டாலே கணக்கு உன் பக்கம் சாயும். நம்ம பிள்ளைகள் பயந்து பயந்து காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள். தப்பு செய்தால் அடி என்று வளர்ந்த பழக்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியில் இருந்தபோதுதான், போன மாதம் ஒரு பழைய கைடிலிருந்து தென்னாப்பிரிக்கா பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தேன். நிறவெறி ஆட்சியை உலகம் ஒதுக்கிய கதை. 1961-இல் காமன்வெல்த்தை விட்டுப் போனது, 1970-இல் ஒலிம்பிக் கமிட்டி வெளியேற்றியது, 1986-இல் ரீகன் வீட்டோ போட்டும் அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் தாண்டிச் சட்டம் கொண்டுவந்தது. முதல் கேள்வி 'சாங்ஷன்'. பாதிப் பேர் 'அனுமதி' என்று போட்டிருந்தார்கள். லோன் சாங்ஷன் ஆச்சா என்றுதானே கேட்டுப் பழக்கம். இங்கே அது தண்டனைத் தடை, வியாபாரத்தை நிறுத்தினான் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. சிரித்துக்கொண்டே திருத்தினோம்.

இரண்டாவது கேள்வி 'பரையா'. தென்னாப்பிரிக்கா உலக நாடுகளிடையே ஒரு பரையா ஆனது என்று வரி. நான் தாளை முன்னாடி படித்துப் பார்க்கவில்லை, என் தப்பு. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் அதைக் காலியாக விட்டிருந்தாள். "ஏம்மா, தெரியலையா?" என்றேன்.

"தெரியும்ணா. கை வரலை."

பறையர் என்ற நம் பெயர் போர்த்துக்கீசியர் வாய் வழியே இங்கிலீஷுக்குப் போய், ஒதுக்கப்பட வேண்டியவன் என்ற பொதுச்சொல்லாக அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. சாதிவெறியைப் போன்ற நிறவெறியை நடத்தினவனைத் திட்டுவதற்கும் நம்ம பேர்தான் கிடைத்தது அவனுக்கு! எழுதினவன் நமக்குக் கெட்டது நினைத்து எழுதவில்லை. அது இன்னும் மோசம்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், கோபப்படுகிற தோழர்கள் கோபப்படட்டும். 'ஒதுக்கப்பட்டவன்' என்று குறி, மார்க்கை வாங்கு. கேட்டது பத்தியில் உள்ள பொருள். அதைத் தெரிந்திருப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. எதிரி நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று சரியாகச் சொன்னதற்கு ஒரு மார்க் கொடுக்கிறான் என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பரீட்சையெல்லாம் அரசியலா என்கிறார்கள். 1890-களில் ரெட்டைமலை சீனிவாசன், சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று சேரிகளில் கையெழுத்து வாங்கி லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இங்கே நடத்தினால் மேல்சாதிக்காரனே எல்லா நாற்காலியிலும் உட்காருவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே சீனிவாசன்தான் 1893-இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயரே வேண்டாம், அது நம்மேல் ஒட்டப்பட்டது என்று மறுத்தார் பண்டிதர். இருவரும் உறவுக்காரர்கள், அந்தச் சண்டை தீரவில்லை. எனக்கும் ஒரு நாள் சீனிவாசன் சரியென்று படுகிறது, ஒரு நாள் பண்டிதர்.

அந்தப் பெண் குறித்தாளா என்றால், குறித்தாள். பேனாவை அழுத்தினதில் தாள் கிழிந்துவிட்டது. அப்புறம் அந்தக் கைடின் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள், இங்கிலீஷில். நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம்ணா, நானே எழுதறேன், ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க என்றாள். மூன்று வாரமாக எழுதுகிறாள். 'அஃபென்சிவ்' என்று போடலாமா, அது ராணுவத் தாக்குதலுக்கும் வருமே என்று போன ஞாயிறு சந்தேகம் கேட்டாள்.

படிப்பகத்துக்குப் பழைய இங்கிலீஷ் நாளிதழ்கள் வேண்டும், தோழர்கள் கொடுத்து உதவலாம். வேர்ட் லிஸ்ட் புத்தகங்கள் வேண்டாம், அவை நிறையக் கிடக்கின்றன.