எம், கே, செமிகோலன், கே, எச்

தலைப்பைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது ‘அம்மா’. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பைத் திறந்து, எழுத்தெழுத்தாக வாசி என்று என்னுடைய கணினியிடம் கேட்டால் அது இப்படித்தான் சொல்லும். பாமினியில் திரைக்கு மேலே தெரிவது தமிழ், உள்ளுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். கண்ணால் வாசிக்கிற ஆக்களுக்கு அது பிரச்சினையே இல்லை. எனக்குக் கண் தெரியாது. நான் காதாலதான் வாசிக்கிறன்.

திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள். நான் பாவிக்கிற என்விடிஏ இலவசம். கண் தெரியாத இரண்டு அவுஸ்திரேலியர்கள் உருவாக்கினது, 2006இல் தொடங்கின வேலை. அதில் தமிழ்க் குரலும் இருக்கு. ஆக, கருவி இருக்கு, மொழி இருக்கு, வரலாறு படிக்க ஆசையும் இருக்கு. இல்லாதது வாசிக்கக்கூடிய பக்கம்.

எங்கட பழைய பத்திரிகைகள், சிறுபிரசுரங்கள், அறிக்கைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்துக்குள் நான் போகும் விதத்தைச் சொல்லுறன். தேடும் பெட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை, அது தேடும் பெட்டி என்று நானே ஊகிக்க வேணும். பிறகு ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று வரிசையாகக் கேட்கும். எது தரவிறக்கம், எது அடுத்த பக்கம்? ஒவ்வொன்றாக அமத்திப் பார்க்க வேண்டியதுதான். கடைசியில் கோப்பு திறக்கும். திறந்ததும் அமைதி. எல்லாப் பக்கமும் வெறும் படம். பத்திரிகைப் பக்கத்தின் படமும் ஆட்டுக்குட்டியின் படமும் திரைவாசிப்பானுக்கு ஒண்டுதான்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது பட்ச்சில் எல்லாரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். எனக்கு 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ காலத்துப் பத்திரிகைகளில் வேலை செய்ய விருப்பம். நான் எடுத்த தலைப்பு வேறு. அதற்குரிய மூலங்கள் யுனிகோட்டிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தன, அதுதான் காரணம். நான் எந்த வரலாற்றை எழுதலாம் என்பதை நானோ என்ர விரிவுரையாளரோ தீர்மானிக்கவில்லை. யாரோ ஸ்கேன் பண்ணிய விதம் தீர்மானித்தது.

“பெடியள் வாசிச்சுக் காட்டுவாங்கள்தானே” என்று ஒரு பதில் வரும். காட்டுகிறார்கள், நன்றி. ஆனால் ஆய்வு என்பது குறித்த ஒரு பக்கத்தை வாசிப்பது மட்டுமில்லை. நூறு பக்கம் புரட்டி ஒன்றுமே கிடைக்காமல் போவதும் ஆய்வுதான். பரீட்சை வைத்துக்கொண்டிருக்கும் நண்பனிடம், “மச்சான், பிரயோசனமில்லாத நூறு பக்கம் வாசி” என்று எந்த முகத்தோடு கேட்பது? நேரத்தை வீணாக்கும் உரிமையும் எனக்கு வேணும்.

“முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணுவம், மற்றதைப் பிறகு பாப்பம்” என்பது இரண்டாவது பதில். எங்களுக்கு இந்த அவசரம் ஏன் என்று தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் எரிந்தன. அதற்குப் பிறகு ஒரு கிழிஞ்ச துண்டுப்பிரசுரத்தைக்கூட நாங்கள் சும்மா பார்ப்பதில்லை. அந்த உழைப்பை நான் மதிக்கிறன். ஆனால் ‘பிறகு’ வருவதில்லை. கோப்புகள் கூடக் கூட, திருத்த வேண்டியதும் கூடுகிறது. படத்தோடு எழுத்தையும் சேர்த்து ஏற்றுவதை முதல் நாளே வழக்கமாக்கினால்தான் அது நடக்கும்.

மூன்றாவது பதில்தான் கோபம் வரப்பண்ணுவது: “உங்களைப் போல எத்தனை பேர் இதுக்குள்ள வரப்போறீங்கள்?” கதவைப் பூட்டிவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுகிற கணக்கு இது. இந்தத் தீவில், ஷெல்லிலும் மிதிவெடியிலும் கண்ணையும் கையையும் இழந்த ஆக்கள் எங்கட ஊர்களிலேயே இருக்கினம். கை ஏலாதவர் மவுஸ் பிடிக்க மாட்டார், அவருக்கு விசைப்பலகையால் மட்டும் இயங்கும் தளம் வேணும். அவர்களைக் காயப்படுத்திய யுத்தத்தின் ஆவணங்களை அவர்களாலேயே வாசிக்க முடியாத வடிவில் வைத்துக்கொண்டு, ‘மக்களின் வரலாறு’ என்று முகப்பில் எழுதாதேங்கோ.

இது தர்மம் கேட்கிற கதையும் இல்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. ஐ.நா.வின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. பார்வையற்றோருக்கு வாசிக்கக்கூடிய பிரதிகள் செய்ய வழிவிடும் மரக்கேஷ் ஒப்பந்தத்திலும் அதே ஆண்டு சேர்ந்தது. கையெழுத்துகளுக்குக் குறைவில்லை.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. படத்திலிருந்து தமிழ் எழுத்தை எடுக்கும் டெசெராக்ட் போன்ற மென்பொருள் இலவசமாக இருக்கு. பழைய அச்சில் வரும் ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்ற எழுத்துகளில் அது தடுமாறும். தடுமாறட்டும். பிழையோடு பத்துச் சொல் கேட்பது, பிழையில்லாத மௌனத்தை விட மேல். அப்படி எடுத்த எழுத்து கண் தெரிந்தவருக்கும் உதவும், ஊர்ப் பெயரை அடித்தால் பக்கம் வந்து விழும். பட்டன்களுக்கும் பெட்டிகளுக்கும் பெயர் வையுங்கோ. புகைப்படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கோ. தளத்தைத் திறக்க முதல் எங்களில் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கோ, அந்த வேலைக்குக் காசும் குடுங்கோ.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஒன்று. கணினியில் அடித்த கட்டுரையைப் பிரின்ட் எடுத்து, கையெழுத்து வைத்து, திரும்ப ஸ்கேன் பண்ணி ஏற்றுவதை நிப்பாட்டுங்கோ. வாசிக்கக்கூடிய ஒன்றைக் கஷ்டப்பட்டு வாசிக்க முடியாததாக்குகிறீர்கள்.

இதை வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேலை இருக்கு. வீட்டில் பாமினியில் கிடக்கும் உங்கட பழைய ஒப்படைகளை, ஊர் மலர்க் கட்டுரைகளை யுனிகோட்டுக்கு மாற்றுங்கோ. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கு. ஐந்து நிமிட வேலை. நான் ‘அம்மா’வை அம்மா என்றே கேட்பன்.