கேப்பை யார் அளந்தது?

சென்ற மாதம் துவாக்குடிப் பக்கம் ஒரு டெஸ்ட் சென்டரில் அரை நாள் நிற்க வேண்டியிருந்தது. வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் டெஸ்ட். 6 இன்ச் ஷெட்யூல் 80 குழாய், 45 டிகிரி சாய்த்து இறுக்கிய 6ஜி. ரூட்டுக்கு 6010, அதற்கு மேல் 7018. ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். என் கண் ஒரு பையன் மேலேயே இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். லேண்டை ஃபைல் போட்டுத் தேய்ப்பதிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 3.15 ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்து, கம்பியை ‘வி’ போல வளைத்து இடையில் வைத்து நான்கு டேக் அடித்தார். கம்பியை உருவினார். அதன்பிறகு கேப்பை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பாதி அழகாகப் போயிற்று. ஆறு மணியில் ஆரம்பித்து மூன்று மணி வழியாக மேலே பன்னிரண்டில் கொண்டுபோய் முடித்தார். மறுபாதியில் ஒன்பது மணி தாண்டும்போது சத்தம் மாறியது. அவரும் நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி?”

“கேப் மூடிக்கிச்சுண்ணே.”

ஆம்பியரைப் பத்து ஏற்றிக்கொண்டு மறுபடி ராடைப் போட்டார். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. ஃபிலிமில் ஒன்பது மணியிலிருந்து பத்து மணி வரைக்கும், ஏறக்குறைய 40 மில்லிமீட்டருக்கு, அடிக்கோடு போட்டதுபோல் நேராக ஒரு கருப்புக் கோடு. பெனட்ரேஷன் இல்லை. ஆள் ஃபெயில்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் அவர் கை என்றுதான் ரிப்போர்ட் சொல்லும். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி டேக் ஆறும்போதே அந்தக் கோடு விழுந்தாகிவிட்டது. ரூட் சரியில்லை என்று நாம் வெல்டரைத் திட்டும் நேரங்களில் பெரும்பாலும் திட்டவேண்டியது ஃபிட்டப்பை. இந்த இதழில் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

டேக் என்பதும் ஒரு சின்ன வெல்ட்தான். உருகியது ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயை இழுக்கும். முதல் டேக் தன் பக்கம் கேப்பை இறுக்கும், எதிர்ப்பக்கம் விரியும். அடுத்தடுத்த டேக் அதைச் சரிக்கட்டும், ஆனால் முழுவதுமாக இல்லை. 3.15 கம்பி வைத்துக் கட்டிய கேப், நான்கு டேக்கும் ஆறிய பிறகு ஒரு பக்கம் மூன்றாகவும் மறுபக்கம் இரண்டரையாகவும் நிற்பது அன்றாடம் பார்ப்பது. ஒரு பாதி ரூட் ஓடி முடிந்தால் அந்தச் சூடும் சேர்ந்து மிச்சத்தை இன்னும் இறுக்கும். ஆக, கம்பியை உருவிய நொடியில் இருந்த கேப்பும் கடைசிக் கால்வாசியில் ராடு நுழையும்போது இருக்கும் கேப்பும் ஒன்றாக இருக்காது. இது தெரிந்த பழைய ஆட்கள் இறுக்கமான பக்கத்தில்தான் முதலில் ரூட் போடுவார்கள். விரிந்த பக்கம் தானாகச் சுருங்கி அளவுக்கு வந்து நிற்கும். அந்தப் பையன் செய்தது நேர் எதிர். அளந்து பார்த்திருந்தால் ஒன்பது மணிப் பக்கம்தான் முதலில் போயிருப்பார்.

மூடிய கேப்புக்கு ஆம்பியரை ஏற்றுவது மருந்தாகாது. இரண்டு லேண்டும் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் கூடுதல் ஆம்பியர் மேலே உள்ள உலோகத்தைத்தான் அகலமாக உருக்கும். உள்பக்க விளிம்பு குளிர்ந்தே கிடக்கும். நிறுத்திவிட்டு மெல்லிய கட்டிங் வீலால் கேப்பைத் திறப்பதுதான் வழி. அதிலும் ஒரு எச்சரிக்கை: கேப் இறுகும் பக்கத்தில் வீல் மாட்டிக்கொண்டால் உடைந்து தெறிக்கும். முகக் கவசம் இல்லாமல், வீலுக்கு நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு யாரும் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

அளவுகள் எல்லோருக்கும் மனப்பாடம். பி16.25 சொல்லும் பெவல் 37.5 டிகிரி, இரண்டு பக்கமும் சேர்த்து 75. லேண்ட் 1.6, கூடக்குறைய 0.8. 3.15 ராடுக்கு கேப் மூன்றுக்கு முன்பின். இதில் நாம் கோட்டைவிடுவது லேண்டில். கேப்பையாவது கம்பி வைத்துப் பார்க்கிறோம். லேண்டைக் கண்ணால் பார்த்து விட்டுவிடுகிறோம். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டரையும் இருந்தால் மெல்லிய விளிம்பு சட்டென்று கரைந்து ஓடும், தடித்த விளிம்பு அப்படியே நிற்கும். கீ ஹோல் ஒரு பக்கமாகச் சாயும். வெல்டர் தன் கைதான் சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராடைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஹை-லோ இருந்தாலும் இதே கதைதான். 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஹை-லோ வந்தால் கழற்றித் திரும்பக் கட்டு என்று சொல்லும் துணிச்சல் ஃபிட்டருக்கும் வேண்டும், அதைக் கேட்கும் பொறுமை ஃபோர்மேனுக்கும் வேண்டும். இரண்டும் ஒரே சைட்டில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

இனி கைக்கு வருவோம். 6010-ல் கீழிருந்து மேலே போகும்போது 3.15 ராடுக்கு 75 முதல் 90 ஆம்பியர் என்பது நான் பார்த்த பழக்கம். எண்ணைவிட முக்கியம் கீ ஹோல். ராடு முனை இரண்டு விளிம்புக்கும் நடுவில் நின்று இரண்டையும் தின்னும்போது திறக்கும் ஓட்டை, ராடின் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாக, 4 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் பின்னால் வரும் உலோகம் உள்பக்கம் வழிந்து விளிம்புகளைக் கட்டும். ஓட்டை மூடினால் பெனட்ரேஷன் போயிற்று. பெரிதானால் பர்ன் த்ரூ. ராடு எரிந்துகொண்டிருக்கும்போது ஆம்பியரைத் தொட முடியாது. கையில் இருப்பது மூன்றே: ராடின் சாய்வு, ஆர்க்கின் நீளம், எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது. ஓட்டை பெருகுகிறதா, ராடை இன்னும் சாய்த்து, முன்னால் தட்டிவிட்டுத் திரும்பும் நேரத்தைக் கூட்டி, குளம் உறைய விடுங்கள். ஓட்டை சுருங்குகிறதா, ராடை நிமிர்த்தி உள்ளே அழுத்துங்கள்.

7018-ல் ரூட் போடுகிறவர்கள் இந்தத் தட்டித் திரும்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தால் போரோசிட்டிதான் மிஞ்சும். அது முழுக்க ஆர்க்கை ஒட்டிப் பிடித்து ஓட்ட வேண்டிய ராடு.

ஆறு மணியிலும் பன்னிரண்டு மணியிலும் ஒரே கை போடுவதுதான் நம் ஆட்களின் பெரிய பிழை. ஓவர்ஹெட்டில் உருகிய உலோகம் உங்கள் பக்கம் தொங்கப் பார்க்கும். ஆர்க்கில் பாதியாவது குழாய்க்குள் எரியும்படி ராடை மேலே தள்ளவில்லை என்றால், உள்பக்கம் குழிந்து போகும். வெளியே எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபிலிமில் கரும்பட்டை. மூன்று மணி தாண்டி மேலே ஏற ஏற புவியீர்ப்பு பக்கம் மாறுகிறது. பன்னிரண்டு மணியில் அதே அழுத்தம் கொடுத்தால் உள்ளே திராட்சைக் கொத்து தொங்கும். 6 மில்லிமீட்டருக்கு மேல் 13 வரை தடிமன் உள்ள குழாயில் பி31.3 உள்பக்கம் அனுமதிக்கும் துருத்தல் 3 மில்லிமீட்டர்தான். இந்த மாற்றத்தைக் கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லும். ஆர்க் உள்ளே எரியும்போது காலி டிரம்முக்குள் ஊதுவது போல ஒரு கனத்த சத்தம் வரும். அது வெறும் வெளிச் சடசடப்பாக மாறினால் கீ ஹோல் மூடுகிறது. அந்தப் பையனும் சத்தம் மாறியதும் நிறுத்தினார் என்பதைக் கவனித்தேன். காது இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டேக்கில் போய் இணைக்கும் இடம் இன்னொரு பொறி. டேக்கின் இரண்டு முனையையும் கத்தி விளிம்புபோல் கிரைண்டரால் சரிவாக்கவில்லை என்றால், எந்தக் கையாலும் அங்கே சரியாக இணைக்க முடியாது. கடைசி சில மில்லிமீட்டரில் தட்டித் திரும்புவதை நிறுத்தி, ராடை அழுத்தி, ஓட்டை அடைபடும் ஒரு கணம் நின்று, சரிவின் மேல் ஏறிப் போய் ஆர்க்கை உடையுங்கள். செங்குத்தான லைனில் கடைசியாக மூடும் ரூட்டில் குழாயின் மேல்முனை, கீழ்முனை திறந்திருந்தால் உள்ளே சூடான காற்று புகைபோக்கியில் போல ஓடும். அதுவே அந்த ஓட்டை வழியாகப் பீச்சிப் போரோசிட்டியைக் கொடுக்கும். ஒரு முனையைத் துணியோ பலகையோ வைத்து மூடினால் போதும். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இதற்காக வெட்டி எடுத்த ஜாயிண்ட்கள் கொஞ்சமல்ல.

ராடு விஷயம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு ஷட்டவுன் வேலையில், மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டிலிருந்து திடீரென்று ரூட் எல்லாமே மோசமாக வர ஆரம்பித்தது. ஆர்க்குக்குத் தள்ளும் பலம் இல்லை, அகலமாக எரிகிறது, சிதறுகிறது, உள்ளே துளைகள். வெல்டர்களை மாற்றினார்கள், மெஷினை மாற்றினார்கள். காரணம் ஓவனில் இருந்தது. புதிதாக வந்த ஹெல்ப்பர், எல்லா ராடையும் பேக் பண்ணவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், 6010 டப்பாக்களையும் பிரித்து 7018-உடன் சேர்த்து உள்ளே அடுக்கியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஈரம் என்றால் கெட்டது என்றுதான் நாம் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். 7018-க்கு அது சரி. செல்லுலோஸ் ராடோ தன் பூச்சில் 3 முதல் 7 சதவீதம் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். அதன் தோண்டும் பலமே அந்த ஈரத்திலும் எரியும் செல்லுலோஸிலும் இருந்து வருகிறது. அந்த ஈரமே ஹைட்ரஜனும் கொண்டுவருவதால், தடித்த அல்லது வலிமை கூடிய குழாய்க்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் கூடாது. ஓவன் கதவில் “6010 உள்ளே வைக்காதே” என்று பெயின்டில் எழுதி வைத்த ஒரு சைட்டை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மெஷினைப் பற்றி ஒரு வரி போதும்: 6010-ல் ஆர்க் அடிக்கடி அணைந்துபோகும் சின்ன இன்வர்ட்டரை ரூட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆளைக் குறை சொல்லாதீர்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. ஆலைக் குழாய்களில் ரூட் பெரும்பாலும் டிக்குக்குப் போய்விட்டது. ஸ்டிக் வெல்டர் ஃபில்லிங்கும் கேப்பிங்கும்தான் அடிக்கிறார். செக்‌ஷன் 9 படி ஒரு வெல்டரின் தகுதி, அந்த பிராசஸில் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை வேலை செய்திருந்தால் தொடரும். கணக்கு பிராசஸுக்கு, ரூட்டுக்கு இல்லை. ஐந்து வருடம் 7018-ல் ஃபில்லிங் மட்டும் அடித்தவரின் ஓபன் ரூட் தகுதியும் தாளில் உயிரோடுதான் இருக்கும். பிறகு ஒருநாள் மழைக்காலத்தில், காற்றில் டிக் ஓடாத இடத்தில், ஒரு அவசர டை-இன்னுக்கு அவரைக் கூப்பிட்டு 6010-ஐக் கையில் கொடுக்கிறோம். 1965 முதல் பாய்லர் கட்டும் ஊர், 1975 முதல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் திருச்சி. இங்கேயே இது நடக்கிறதென்றால் மற்ற இடங்களைக் கேட்கவே வேண்டாம்.

பயிற்சியும் ஒரு தினுசாகத்தான் இருக்கிறது. டெஸ்ட் கூப்பனில் லேண்டையும் கேப்பையும் ஆளே தேய்த்துக் கட்டிக்கொள்கிறார். சைட்டில் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4.5 என்று கட்டி வைத்த ஜாயிண்ட் அவருக்காகக் காத்திருக்கும். பயிற்சி மையங்கள் ஒவ்வொரு ஆளுக்கும் கடைசி வாரத்தில் வேண்டுமென்றே கோணலாகக் கட்டிய மூன்று கூப்பன் கொடுக்கலாம்: இறுகிக்கொண்டே போகும் கேப், ஒரு பக்கத் தடித்த லேண்ட், ஹை-லோ. விளிம்பில் உலோகம் ஏற்றிக் கேப்பைக் குறைப்பது எப்போது, எந்த டபிள்யூபிஎஸ்-இல் அனுமதி, எப்போது கழற்றச் சொல்வது என்பதை அங்கேயே முடிவெடுக்கட்டும். முடிந்ததும் குழாயை இரண்டாக வெட்டி, உள்பக்கத்தை அவரே விரலால் தடவிப் பார்க்கட்டும்.

சைட்டுக்கும் ஒரு யோசனை. நம் டெய்லி வெல்ட் லாகில் ஜாயிண்ட் எண், வெல்டர் எண், ராடு பேட்ச், தேதி எல்லாம் இருக்கின்றன. டேக் ஆறிய பிறகு 3, 6, 9, 12 மணியில் கேப் எவ்வளவு என்பதற்கு ஒரு கட்டம் எங்குமே இல்லை. ஒரு டேப்பர் கேஜ், நான்கு எண், ஃபிட்டர் ஒரு கையெழுத்து, வெல்டர் ஒரு கையெழுத்து. வெல்டர் கையெழுத்துப் போட மறுத்தால் ஆர்க் அடிக்கக்கூடாது. ரிப்பேர் வந்த நாளில் ஃபிலிமையும் அந்தக் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அந்தப் பையன் பதினைந்து நாள் கழித்து மறுபடி டெஸ்ட் எழுத வந்தார். கம்பியை உருவிய பிறகு அதையே திரும்ப நுழைத்து நாலு பக்கமும் பார்த்தார். பத்து மணியில் நுழையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.