பேசாப் பிழை

நம் கலாசாலைக் கணிப்பொறிக் கூடத்துள் பிற்பகல் வேளையில் நுழைவார்க்கு ஒரு காட்சி தப்பாது புலப்படும். மாணாக்கர் ஒருவர் திரையின்மீது கண்வைத்து ஏதோ ஒரு கட்டளையை எழுதுகிறார். பொறி சிவந்த எழுத்துக்களில் பிழையென மறுமொழி கூறுகிறது. அவர் முகம் வாடுகிறது. கட்டளையைச் சற்றே மாற்றி மறுபடியும் எழுதுகிறார். இம்முறை சிவப்பெழுத்து ஒன்றும் தோன்றாமல் ஓர் எண் மாத்திரம் வந்து நிற்கிறது, முகம் மலர்கிறது. அவ்வெண்ணை ஏட்டில் குறித்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார். வாடவேண்டிய இடம் எது, மலரவேண்டிய இடம் எது என்பதில் நாம் பெரும்பாலும் தலைகீழாகவே நடந்துகொள்கிறோம் என்பதுதான் இவ்வியாசத்தில் யான் சொல்லவந்த விஷயம்.

அக்கூடத்தில் மிகுதியாய்ப் பயிலப்படுவது ஆர் என்னும் பாஷை. பெயரைக் கேட்டவுடன் "ஆர் அது?" என வினவத் தோன்றுவது தமிழர்க்கு இயல்பே. புள்ளிவிவரக் கணக்குக்கென்றே அமைந்த இப்பாஷையை நியூஜீலாந்து தேசத்து ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் இயற்றினர். அவ்விருவர் பெயரின் முதலெழுத்தும், இதற்கு மூலமாயிருந்த எஸ் என்னும் பழைய பாஷையின் பெயரைப் பற்றிய விளையாட்டும் சேர்ந்து இதற்குப் பெயராயின. 1995-ல் இது யாவர்க்கும் இலவசமாய் வழங்கப்பட்டது. முதற் பூர்த்திப் பதிப்பு 2000-ம் வருஷம் பிப்ரவரி 29-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1976-ல் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் தொடங்கிய எஸ் பாஷையோ, அறிஞர் ஒருவர் பொறியின் முன்னமர்ந்து, எண்களோடு உரையாடுவார்போல் ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்டுப் பார்ப்பதற்கென எழுந்தது. ஆதலின் கேட்பவரை இடையில் நிறுத்தாமல், அவர் கருத்து இதுவாயிருக்கும் என்று ஊகித்துக் காரியத்தை முடித்துக்கொடுக்கும் உபசார குணம் இதன் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. இக்குணமே இதன் இனிமைக்குக் காரணம். இதன் கேட்டுக்கும் அதுவே காரணம்.

மாணாக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகளுட் பெரும்பாலானவை கேடற்றவை. பொருள் காணப்படவில்லை என்று பொறி சொன்னால், பெயரைப் பிழைபட எழுதியிருக்கிறோம், அல்லது ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாய்க் கருதிவிட்டோம். கட்டளை காணப்படவில்லை என்றால், அதனையுடைய துணைநூலைத் திறக்க மறந்தோம். அடைப்புக்குறி ஒன்று குறைந்தால் பொறி மேற்செல்ல மறுக்கிறது. இவை ஐந்து நிமிஷத்தில் தீரும் தொல்லைகள். பொறி வழியில் நின்று உரக்கக் கூவுகிறது, நாம் திருத்துகிறோம். இவற்றைப் பற்றி இதற்குமேல் எழுதுவது காகிதச் செலவு.

இனிக் கூவாத பிழைக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தி நான்கு சிற்றூர்களில், ஊருக்கு 60 வீடாக 240 வீடுகளுக்குச் சென்று, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர எத்தனை நிமிஷம் நடக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிவந்தாள். அவற்றுள் ஆற்றோரத்து ஊர் இரண்டின் கணக்கை மாத்திரம் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஊர்ப்பெயர் இவ்விரண்டுக்கும் சமம் என்ற கருத்தில், இரட்டைச் சமக்குறியிட்டு இரு பெயரையும் ஒரு வரிசையாகக் கொடுத்தாள். பொறி ஒரு மறுப்பும் கூறாமல் விடை தந்தது. சராசரி நடை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாயிருந்தது. ஆறு பக்கத்திலிருக்கிறதல்லவா என்று அவளே ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டாள். யானும் தலையசைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கட்டளையைப் பொறி புரிந்துகொண்ட விதம் வேறு. 240 பெயர் ஒருபக்கம், 2 பெயர் மறுபக்கம் இருக்கக் கண்டு, அவ்விரண்டையே மீண்டும் மீண்டும் அடுக்கி 240 ஆக்கிக்கொண்டது. முதல் வரிசையை முதற்பெயரோடும், இரண்டாம் வரிசையை இரண்டாம் பெயரோடும், மூன்றாவதை மறுபடி முதற்பெயரோடும் ஒப்பிட்டது. ஆகவே ஓரூரில் ஒற்றைப்படை வரிசைகளும் மற்றோரூரில் இரட்டைப்படை வரிசைகளும் மாத்திரம் தேறின. 120 வீட்டுக்குப் பதில் 60 வீடே வந்தன. பெரிய வரிசையின் தொகை சிறியதன் தொகையால் மிச்சமின்றி வகுபடாதபோது இப்பாஷை ஓர் எச்சரிக்கை தரும். 240-ஐ 2 மிச்சமின்றி வகுத்துவிட்டது; எனவே எச்சரிக்கையும் இல்லை. வீடொன்று பூட்டிக்கிடந்து 239 ஆகியிருந்தால் பொறி வாய்திறந்திருக்கும்!

பாதிக் கணக்குப் போனால் போகட்டும், சராசரி ஏறக்குறைய அதேதானே என்று சிலர் நினைக்கலாம். அவள் வீட்டெண் வரிசைப்படி சென்றவள். அவ்வூர்த் தெருவில் ஒற்றைப்படை எண்கள் ஒரு சிறகிலும், இரட்டைப்படை எண்கள் எதிர்ச்சிறகிலும் இருந்தன. குழாய்கள் யாவும் கணக்கில் தேறிய சிறகின் பக்கமே நின்றன. கணக்கில் தேறியவர்கள் வாசற்படியிறங்கியதும் குழாயைக் காண்பவர்கள். எதிர்ச்சிறகின் பின்கட்டுச் சந்துகளிலிருந்து குடத்தோடு நடப்பவர்களில் ஒருவரும் கணக்கில் இல்லை. அவ்விரண்டு ஊர்களுக்கும் புதுக்குழாய் வேண்டுமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தவர்கள் கைக்குப் போகவேண்டிய கட்டுரை அது.

பிழையைக் கண்டவர் யானுமல்லேன், அவளுமல்லள். ஊர்தோறும் அவளுக்கு வழிகாட்டி வந்த முதியவர் ஒருவர் ஒருநாள் கூடத்துக்கு வந்திருந்தார். அவர் திரையிலிருந்த எண்ணைச் சுட்டி, "என்னம்மா, நாம் அறுபது வீடு ஏறி இறங்கினோமே, இங்கே முப்பது என்றல்லவா இருக்கிறது?" என்றார். சமக்குறிக்குப் பதிலாக, இரு சதவிகிதக் குறிகளுக்கு நடுவே 'இன்' என்று எழுதும் குறியை வைத்தவுடன் 120 வீடும் வந்தன, சராசரியும் மாறிற்று.

நிற்க. வகுப்பில் யான் வழக்கமாய்ச் செய்துகாட்டும் வேறோர் உதாரணம் உண்டு. ஐவர் பெற்ற மதிப்பெண்கள் 35, 62, 48, 100. ஐந்தாமவர் பரீட்சைக்கு வராதவர், அவர் பெயருக்கெதிரே 'வரவில்லை' என்றிருக்கிறது. சொல் ஒன்று கலந்துவிட்டதால் பொறி இவ்வரிசை முழுவதையும் எழுத்தாகவே கொள்கிறது. இதனை ஃபாக்டர் என்னும் வகைப்பாடாக மாற்றினால், ஒவ்வொரு மதிப்பையும் அகராதி முறையில் அடுக்கி அதற்கோர் இலக்கம் கொடுக்கும். அகராதி முறையில் 100 முதலில் வரும், ஏனெனில் அதன் முதலெழுத்து 1, பின்பு 35, 48, 62, கடைசியில் 'வரவில்லை'. இப்போது இதனை எண்ணாக்கு என்று கட்டளையிட்டால் மதிப்பெண் திரும்பி வராது, அடுக்கிலக்கமே வரும். 35 பெற்றவர்க்கு 2, 62-க்கு 4, 48-க்கு 3. நூற்றுக்கு நூறு பெற்றவர்க்கு 1! பரீட்சைக்கே வராத புண்ணியவானுக்கு எல்லாரினும் மேலான 5! சராசரி கேட்டால் 3 என்று தயங்காமல் கூறும். எழுதிய நால்வரின் உண்மைச் சராசரியோ 61.25. ஃபாக்டரை முதலில் எழுத்தாக்கி, பின்னரே எண்ணாக்க வேண்டும். அப்போது வராதவரிடத்தில் என்.ஏ. என்ற குறியோடு ஓர் எச்சரிக்கையும் வரும்.

முன்னாளில் அட்டவணையை வாசிக்கும்போதே இப்பாஷை எழுத்து வரிசைகளைக் கேளாமலே ஃபாக்டராக்கிவிடும். இதனால் ஏமாந்தவர் தொகை பெரிது. 2020-ல் வந்த 4.0.0 பதிப்பில் அவ்வழக்கத்தை ஒழித்தார்கள். அவ்வாறே, ஒன்றே உண்மையா பொய்யா என்று கேட்கவேண்டிய நிபந்தனையில் பலவற்றைக் கொடுத்தால், பழைய பதிப்புகள் முதலாவதை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையோடு மேற்செல்லும்; 2022-ன் 4.2.0 முதல் அது நின்றுவிடும் பிழையாயிற்று. பாஷையைப் பேணுவோரே உபசாரத்தைக் குறைத்துக் கூக்குரலைக் கூட்டி வருகின்றனர் என்பதை நம் மாணாக்கர் கவனிக்கவேண்டும்.

என்.ஏ. என்ற அக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. இதனைப்போல் மாணாக்கரால் வெறுக்கப்படுவது வேறில்லை. ஆயினும் இப்பாஷையில் யான் மிகவும் மதிப்பது அதுவே. 'தெரியாது' என்பதே அதன் பொருள். ஒருவர் வயது தெரியாதபோது ஐவரின் சராசரி வயது யாதென்றால், தெரியாது என்பதே நேர்மையான விடை. வயது தெரியாத இருவரைக் காட்டி, இவர்கள் ஒத்த வயதினரா என்றாலும் விடை அதுவே. ஆதலின் என்.ஏ. என்.ஏ.வுக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லாது, அன்று என்றும் சொல்லாது, மறுபடியும் என்.ஏ. என்றே சொல்லும். இதனைப் பைத்தியக்காரத்தனம் என்பார் உளர். யான் அறிந்த சில பெரியோர்க்கு இந்நேர்மை வாய்த்திலது. தெரியாதவற்றை விலக்கிக் கணக்கிடு என்று கட்டளையிட வழியுண்டு. அதனைப் பார்த்தவிடமெல்லாம் இடுவதுதான் தவறு. எத்தனை பேர் விலக்கப்பட்டனர், ஏன் விடையளிக்கவில்லை என்று கேட்டபின் இடுக.

பின்னங்களைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 ஆகுமா என்றால், ஆகாது என்று பொறி சொல்லும். இப்பாஷையின் வினாவிடைத் தொகுப்பில் இதற்கென்றே 7.31 என்னும் பகுதி நெடுங்காலமாய் இருக்கிறது. பொறி இரண்டின் அடுக்குகளால் எண்ணுவது. நம் பழைய கணக்கில் அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றை அது பிசகின்றி ஏற்கும். இருபதில் ஒன்றாகிய மாவை முழுமையாய் ஏற்கமாட்டாது. நாம் மூன்றில் ஒன்றைத் தசாம்சத்தில் எழுதத் தொடங்கினால் 3 முடிவின்றி நீளுவதுபோல அதுவும் நீளும். எங்கோ ஓரிடத்தில் வெட்டியாகவேண்டும். ஆகவே பின்னங்களை ஒப்பிடும்போது ஏறக்குறைய சமமா என்று கேட்பதே முறை. முழுவெண்ணாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். சரிபாதியாய் நிற்கும் பின்னத்தை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கே இப்பாஷை தள்ளும்: 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். எப்போதும் மேலே தள்ளினால் மொத்தம் வீங்குமென்பது இதற்குச் சொல்லும் நியாயம். நியாயம் சரியே, ஆனால் தேர்ச்சிக்கு 35 வேண்டிய பரீட்சையில் 34.5 பெற்ற பிள்ளை பள்ளிக்கூட விதிப்படி தேறுவான், இப்பொறியின் விதிப்படி 34 பெற்றுத் தவறுவான்.

சீட்டுக் குலுக்கும் கட்டளையும் இத்தகையதே. பல பதிவெண்களைக் கொடுத்தால் அவற்றுள் ஒன்றை எடுத்துத் தரும். கடைசியில் 37 என்ற ஒரே எண் மிஞ்சியிருக்க அதனைக் கொடுத்தால், 1 முதல் 37 வரையில் ஏதேனும் ஒன்றை எடுத்துத் தரும். ஒன்றுமில்லாத பட்டியலை 1 முதல் அதன் நீளம் வரை செல் என்றால் 1, 0 என்று இருமுறை செல்லும். இப்படிப்பட்ட படுகுழிகளை எல்லாம் திரட்டிப் பாட்ரிக் பர்ன்ஸ் என்பவர் ஒரு நூலே எழுதி, இத்தாலியக் கவி தாந்தேயின் நரகத்தை அடியொற்றி அதற்கு ஆர் இன்ஃபெர்னோ என்று பெயரிட்டார். நரகம் என்பது சற்று மிகை என்பதே என் அபிப்பிராயம்.

இக்குறைகளைக் கண்டு வேறு பாஷைக்குப் போய்விடலாமே என்பார்க்கு, ஒவ்வொரு பாஷைக்கும் அதனதன் மௌனம் உண்டு என்று மாத்திரம் சொல்வேன். இக்காலத்தில் கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. அவை எழுதும் நிரல் பெரும்பாலும் பிழைச்செய்தியின்றி ஓடுகிறது. அவ்வளவில் அச்சம் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. ஓடுகிறதா என்பதைப் பொறி சொல்லும். அறுபது வீடும் இருக்கின்றனவா என்பதை வீடு ஏறி இறங்கியவரே சொல்லவேண்டும்.

குறை மாணாக்கரிடத்து மாத்திரம் இல்லை. ஆசிரியராகிய நாமும் அதற்குப் பாத்தியப்பட்டவர்களே. செய்முறைப் பரீட்சையில் சிவப்பெழுத்து வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். விடை வந்தால் முழுதும் கொடுக்கிறோம். எச்சரிக்கை தோன்றினால் அதனை அடக்கிவிடும் கட்டளை ஒன்று உண்டென்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரகசியமாய்ச் சொல்லிக்கொள்வதற்கு இவ்வழக்கமே காரணம். செய்முறை ஏட்டில் ஒவ்வொரு பிரித்தெடுப்பிற்கும் முன் எத்தனை வரிசை, பின் எத்தனை வரிசை என்று எழுதச்செய்து அதற்கும் மதிப்பெண் கொடுத்தால் என்ன? அட்டவணையை வாசித்தவுடன், எது எண், எது எழுத்து, எது ஃபாக்டர் என்று காட்டும் எஸ்.டி.ஆர். என்ற சிறு கட்டளையை இடாதவரை மேலே செல்லவிடாதிருந்தால் என்ன? காலம் போதாதென்று சொல்லுவர். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இவ்விரண்டுக்கும் அரை நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை.

அம்மாணவியின் கட்டுரை நம் புத்தகசாலையில் இருக்கிறது. அதன் நன்றியுரைப் பக்கத்தில் வழிகாட்டிய முதியவர் பெயர் முதலிலும், கணிப்பொறிக் கூடத்தின் பெயர் அதற்குக் கீழும், என் பெயர் கடைசியிலும் காணப்படும்.