எந்த விசா என்று முதலில் கேளுங்கள்

மாப்பிள்ளை அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கிறார் என்று ஒரு வரன் வந்தால், நம் வீடுகளில் விசாரணைக்குக் குறைவே இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம், உதவித்தொகை எவ்வளவு, படிப்பு முடிய எத்தனை வருஷம், குளிர் எப்படி, பக்கத்தில் கோயில் உண்டா என்பது வரை கேட்டுவிடுவார்கள். பெண் எந்த விசாவில் போகப்போகிறாள், அந்த விசா அவளுக்கு எதையெல்லாம் அனுமதிக்கும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. 'அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம். போன சில மாதங்களில், பொறியியலோ பி.எட்.டோ முடித்து இங்கே சம்பாதித்துக்கொண்டிருந்த பெண் 'சும்மாவே உட்கார்ந்திருக்கேன்' என்று போனில் சொன்னால், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, எதையாவது கத்துக்கோ' என்பதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே மருந்து. மனைவியின் படிப்புக்காக உடன் போகும் கணவனுக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது, கேலிதான் கிடைக்கும். வெளிநாட்டு மாணவரின் துணையாகப் போகிறவர் அங்கே வேரூன்றுவதும் வாடுவதும் அவருடைய சுபாவத்தைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பகுதி அது சட்டத்தையும் பணத்தையும் பொறுத்தது. அதை அங்கே போய்ச் சமாளிக்க முடியாது, புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவரின் துணைக்குக் கிடைப்பது எஃப்-2. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. பகுதி நேரம், வளாகத்துக்குள் என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. வேலைக்கு அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்காது. அந்த எண் இல்லாமல் அந்த நாட்டில் ஒரு ஆள் கணக்கிலேயே வருவதில்லை. தன் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கித் திருப்பிக் கட்டி நாணயத்தை நிலைநாட்டும் வாய்ப்பு அநேகமாக இல்லை. ஓட்டுநர் உரிமத்துக்குக்கூடப் பல மாநிலங்களில் 'இவருக்கு எண் பெறத் தகுதியில்லை' என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கார் இல்லாமல் கடைக்குப் போக முடியாத சிறு பல்கலைக்கழக ஊர்களில் அந்த உரிமம்தான் கை கால். சரி, படிக்கலாமே என்றால், 2015 மே மாதம் அமலுக்கு வந்த விதிக்குப் பிறகுதான் எஃப்-2 வில் இருப்பவர் பட்டத்துக்கான பாடங்களைப் பகுதி நேரமாகப் படிக்க முடிகிறது. அதற்கு முன் பொழுதுபோக்குப் பயிற்சிகளோடு சரி. முழுநேரம் படிக்க வேண்டுமானால் எஃப்-1க்கு மாற வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். ஆய்வு உதவித்தொகையில் வாழும் குடும்பத்தில் அதற்கு எங்கே போவது? மருத்துவக் காப்பீடும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் தருவதுபோலத் துணைக்கு வருவது அரிது. அந்தத் தவணை வீட்டுச் செலவில் தனியாக விழும்.

இது வெளிநாட்டு வாழ்க்கையின் பொதுவான சிரமம் இல்லை என்பதற்கு அதே பல்கலைக்கழகத்திலேயே சான்று இருக்கிறது. ஒரே ஆய்வகத்தில் இரண்டு மாணவர்கள், ஒரே தொகை உதவித்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எஃப்-1 இல் வந்தவர், மற்றவர் ஃபுல்பிரைட் போன்ற உதவித்தொகைத் திட்டத்தில் ஜே-1 இல் வந்தவர். ஜே-1 மாணவரின் துணைக்குக் கிடைக்கும் ஜே-2 விசாவில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி வந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வரும். ஒரு வேடிக்கையான நிபந்தனை உண்டு: துணையின் வருமானம் ஜே-1 காரரைக் காப்பாற்றுவதற்குத் தேவைப்படக் கூடாது, குடும்பத்தின் பொழுதுபோக்கு, பண்பாட்டு நடவடிக்கை, பயணம் போன்றவற்றுக்குச் செலவிடலாம் என்கிறது விதி. வாடகைக்கு இல்லை, சுற்றுலாவுக்கு என்று சொல்லிக்கொண்டு சம்பாதிக்க வேண்டும்! இருந்தாலும் வேலை வேலைதான். இந்த இரண்டு துணைகளின் குணத்திலோ ஆங்கிலத்திலோ பெரிய வேறுபாடு இல்லாமலிருக்கலாம். ஒருவர் காலையில் எழுந்து எங்கோ போகிறார், மற்றவர் போக முடியாது.

நாடு மாறினால் கதையும் மாறும். ஜெர்மனியில் குடும்பத்தோடு சேர்ந்து வாழ உரிமம் பெற்று வரும் துணை வேலை பார்க்கத் தடையில்லை. அங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் மொழிதான். ஆஸ்திரேலியாவில் மாணவர் முதுகலையோ ஆய்வோ படித்தால் துணைக்கு வேலை நேரத்தில் வரம்பில்லை. இளங்கலை என்றால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடா ஒரு காலத்தில் கல்லூரி டிப்ளமோ மாணவரின் துணைக்குக்கூடத் திறந்த வேலை அனுமதி கொடுத்தது. 2024 மார்ச்சில் அது முதுகலை, முனைவர் படிப்பு, சில தொழிற்படிப்புகள் என்று சுருங்கியது. 2025 ஜனவரியில் முதுகலையிலும் 16 மாதமாவது நீளும் படிப்பாக இருக்க வேண்டும் என்றானது. பன்னிரண்டு மாத எம்.பி.ஏ.வைச் சீக்கிரம் முடியும் என்று தேர்ந்தெடுத்தவரின் துணைக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. பிரிட்டனோ 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பும் அரசு உதவித்தொகையும் தவிர்த்த மற்ற மாணவர்கள் துணையை அழைத்து வரவே முடியாது என்றுவிட்டது. ஆக, எந்த நாடு, எந்தப் படிப்பு, எத்தனை மாதம் என்று மாணவர் தனக்காக எடுக்கும் ஒவ்வொரு முடிவும் துணையின் நாளைத் தீர்மானிக்கிறது.

'எல்லாம் தற்காலிகம்தானே, இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போகிறது' என்பார்கள். முதுகலைக்கு அது ஓரளவு பொருந்தலாம். அமெரிக்க பிஎச்.டி.க்குச் சாதாரணமாக ஐந்தாறு வருஷம். பிறகு ஓபிடி என்ற பயிற்சி வேலைக் காலம் ஒரு வருஷம். அறிவியல், பொறியியல் படித்தவருக்கு மேலும் இரண்டு. மாணவர் சம்பளம் வாங்கும் அந்த மூன்று வருஷமும் துணை எஃப்-2 தான். அதன்பின் எச்-1பி வேலை விசா கிடைத்தால் துணை எச்-4 ஆவார்; கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்படும் வரை பொதுவாக அவருக்கும் வேலை அனுமதி கிடையாது. கூட்டிப் பாருங்கள், பத்து வருஷத்தைத் தொடுகிறது. இருபத்தாறு வயதில் போனவர் முப்பத்தாறில் தன் பயோடேட்டாவில் அந்தப் பத்து வருஷத்துக்கு எதிரே எதை எழுதுவார்? ஒரு தொழில் வாழ்க்கை உருவாகும் காலமே அதுதான்.

அந்த நாடுகளின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மாணவர்களின் குடும்பத்தினருக்கு வழங்கிய விசாக்கள் 2019 இல் சுமார் 16,000; 2022 இல் சுமார் 1,36,000. படிப்பு விசா பின்கதவு வேலை விசாவாகிவிடும் என்று ஒரு அரசு அஞ்சுவதில் அர்த்தமில்லை என்று சொல்ல மாட்டேன். யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் உரிமை. ஆனால் அதே பிரிட்டன், ஆய்வு மாணவரின் துணையை உள்ளே விட்டபின் வேலை செய்யவும் விடுகிறது. அமெரிக்கா ஜே-2 வுக்குக் கொடுத்த அனுமதியால் அதன் தொழிற்சந்தை சரிந்துவிடவில்லை. உள்ளே விட்டுவிட்டுக் கையைக் கட்டிப்போடும் எஃப்-2 முறைக்குத்தான் நியாயம் தெரியவில்லை. கை கட்டப்பட்டவர் எல்லாவற்றுக்கும் இன்னொருவரை நம்பியிருக்க நேர்கிறது. உறவு கெட்டால் அதன் முழுக் கனமும் அப்போதுதான் தெரியும். விவாகரத்தானால் எஃப்-2 நிலை போய்விடும். வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் துணைக்குத் தனியாக வேலை அனுமதி தரும் ஒரு பிரிவு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. எச் விசாக்காரர்களின் துணைகள் அதில் வருகிறார்கள், எஃப் விசாக்காரர்களின் துணைகள் வருவதில்லை. குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான யு விசா உண்டு என்றாலும் அதற்கு ஆண்டுக்கு 10,000 என்ற உச்சவரம்பும் நீண்ட வரிசையும் உண்டு.

மனம் இருந்தால் வழி உண்டு, அங்கே எத்தனையோ வசதி இருக்கிறதே என்பது இன்னொரு பதில். பொய்யில்லை. எம்ஐடியில் மாணவர்களின் துணைகளுக்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டில் புதிதாக வந்தவர்களுக்கான சங்கம் இருக்கிறது. பொது நூலகங்களில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு, குழந்தைகளுக்குக் கதை நேரம் என்று பலதும் நடக்கும். முதல் வருஷத்தில் தனிமைக்கு இவை பெரிய துணை. சம்பளத்துக்கும் அனுபவச் சான்றிதழுக்கும் இவை ஈடாகா. எஃப்-2 இல் இருப்பவருக்குத் தன்னார்வத் தொண்டிலும் கவனம் வேண்டும்: பொதுவாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தால் அது தொண்டாகாது. தெரிந்தவர் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து கையில் ரொக்கமாக வாங்குவது, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பணத்துக்குப் பார்த்துக்கொள்வது எல்லாம் விசா நிபந்தனையை மீறுவதுதான். வாரத்துக்கு நூறு டாலர் வரும் என்று செய்தது பின்னாளில் விசா மாற்றும்போதோ கிரீன் கார்டின்போதோ முன்னால் வந்து நிற்கும். 'எல்லாரும் செய்யறாங்க' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் அந்த நேர்காணலுக்கு வர மாட்டார்கள்.

ஆகவே வேலை இங்கேதான் தொடங்குகிறது. துணை சில மாதம் தாமதித்துப் போனால் இங்குள்ள வேலையில் ஒரு பதவி உயர்வோ பாதிப் படிப்போ முடியுமா, அவரே சொந்தமாக ஒரு படிப்புக்கு இடம் வாங்கிப் போக முடியுமா, கனடா என்றால் 16 மாதப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா என்றெல்லாம் உட்கார்ந்து பேச நேரம் இருப்பது இடம் கிடைத்த பிறகும் விசா வாங்கும் முன்பும்தான். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழி உண்டு. படிப்புச் செலவில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகமோ வேறு அமைப்போ ஏற்கிறது என்றால், எஃப்-1க்குப் பதில் ஜே-1 ஆவணம் தர முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். முன்பு இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது: குறிப்பிட்ட துறைகளில் ஜே-1 இல் படித்த இந்தியர்கள் இரண்டு வருஷம் ஊர் திரும்பி இருந்தாக வேண்டும். அந்தத் துறைகளை நாடுவாரியாகச் சொல்லும் 'திறன் பட்டியல்' 2024 டிசம்பரில் திருத்தப்பட்டு, அதிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதால், அரசுப் பணத்தில் படிக்காதவர்களுக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இப்போது இல்லை. விலையும் உண்டு. ஓபிடி மூன்று வருஷம் வரை தரும் இடத்தில், ஜே-1 இன் பயிற்சிக் காலம் பட்டம் பெற்றவருக்குப் பொதுவாக 18 மாதம்தான்; முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி என்றால் 36 மாதம் வரை போகலாம். மாணவருக்கு ஒன்றரை வருஷம் வரை குறையலாம், துணைக்கு ஐந்தாறு வருஷம் வேலை செய்யும் வாய்ப்பு கிடைக்கிறது. எது பெரியது என்பது வீட்டுக்கு வீடு மாறும். இப்போது அந்த ஆவணத்துக்கான படிவத்தை மாணவர் மட்டும் உட்கார்ந்து நிரப்புகிறார். நிரப்பும்போது துணையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.