காருக்குள் ஓர் ஈர மெத்தை

இந்த இதழில் அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நிற்கிற கார் 'அவருடைய' சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? நிற்கும்போது வேண்டுமானால் அவருடையது. ஓடும்போது பால் புட்டி கவிழ்வதும், பிஸ்கட் நொறுங்குவதும், கோயிலிலிருந்து வரும் வழியில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை சாய்வதும் பின்சீட்டில்தானே! அங்கே உட்காருவது நாமும் நம் குழந்தைகளும்தான்.

கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை அடிக்கிறதா? உடனே வாசனை டப்பா வாங்கி மாட்டிவிடாதீர்கள். வாடை காலடியிலிருந்து வருகிறது. காரின் கார்ப்பெட் ஒரே துணி அல்ல. மேலே நம் கண்ணுக்குத் தெரிவது செயற்கை நூல் விரிப்பு. அது தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் உலர்ந்தும் விடும். அதற்கு அடியில், சத்தமும் சூடும் தெரியாமலிருக்க ஒரு மெத்தை வைத்திருப்பார்கள். கழிவுப் பஞ்சை அமுக்கிச் செய்ததாகவோ ஸ்பாஞ்சாகவோ இருக்கும். அது குடித்த தண்ணீரை லேசில் விடாது. மேலே ரப்பர் மேட், கீழே இரும்புத் தகடு, நடுவில் மாட்டிக்கொண்ட மெத்தைக்குக் காற்று ஏது? ஈரத்திலேயே கிடக்கும் துணியிலும் பஞ்சிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அதோடு கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறோம். அந்தத் தூள் உள்ளேயே சுற்றுகிறது. மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு இது ஆகவே ஆகாது.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் மூன்று வயதுப் பையன், காரில் ஏறினால் போதும், தும்மல் ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷத்தில் நெஞ்சில் கீச் கீச்சென்று சத்தம். "ஏ.சி. பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று மாமியார். "வந்த விலைக்கு வண்டியை வித்துடலாம்" என்று அவள் வீட்டுக்காரர். இத்தனைக்கும் இரண்டு தடவை பணம் கொடுத்து உள்ளே ஷாம்பூ போட்டுக் கழுவியாகிவிட்டது. "அக்கா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் மேட்டை எடுத்தேன். வாசற்படி ஓரத்தில் கார்ப்பெட்டைக் கொஞ்சம் நெம்பி, அடியில் கையை விட்டேன். மேலே காய்ந்த சருகாக இருந்தது, உள்ளே சொதசொதவென்று இருந்தது.

"கழுவித்தானே குடுத்தாங்க அக்கா?"

"கழுவினாங்க சரி, காய வெச்சாங்களா?"

மேலே நுரை போட்டுத் தேய்ப்பதால் கறை போகும், வாடை போகாது. அந்தத் தண்ணீரும் சேர்ந்து மெத்தைக்குள் இறங்கிவிடும். கார்ப்பெட்டைக் கழற்றாமல் செய்யும் ஷாம்பூவுக்குக் காசு கொடுப்பது வீண் என்பதுதான் என் அபிப்பிராயம், அடியில் ஈரம் இருந்தால். உங்கள் வண்டியிலும் பார்த்துவிடுங்கள். செய்தித்தாளை நாலாக மடித்து நாலு காலடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியில் செருகி, மேலே ஏறி ஒரு நிமிஷம் நில்லுங்கள். தாள் நனைந்து வந்தால் சந்தேகமே இல்லை.

தண்ணீர் எப்படி வந்தது என்று தெரியாமல் கழற்றிக் காயவைத்தால் அடுத்த மாதம் அதே கதைதான். ஏ.சி. ஓடும்போது சேரும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். வெயில் காலத்தில், மழையே இல்லாமல் முன்பக்கக் காலடி நனைந்தால் பெரும்பாலும் இதுதான். எதிர்வீட்டிலும் இதுதான். மெக்கானிக் காற்றடித்துக் குழாயை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். மழையில் மட்டும் நனைந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் பள்ளத்தையும் பாருங்கள். மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் வீட்டில் அந்தப் பள்ளம் முழுக்க வேப்பிலைச் சருகாக இருக்கும். ஈரம் பிசுபிசுவென்று, தித்திப்பான வாசனையோடு இருந்தால் அது மழைத் தண்ணீர் அல்ல, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். அது விஷம். குழந்தையை அந்தப் பக்கம் விடாமல் நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

இனி கழற்றும் வேலை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சீட்டுகளை போல்ட் பிடித்திருக்கும். வாசற்படிப் பட்டைகள் கிளிப்பில் உட்கார்ந்திருக்கும், மேல்நோக்கி இழுத்தால் வரும். சீட் பெல்ட்டின் அடி போல்ட், கியர் மேல்மூடி எல்லாம் எடுத்தால்தான் கார்ப்பெட் முழுசாக வரும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட்டென்றால் அடியில் மஞ்சள் நிற பிளக் இருக்கும். அதை நாம் தொடக்கூடாது. சீட்டையும் பெல்ட்டையும் கழற்றி மாட்டுவது மெக்கானிக்கின் வேலை, கழுவிக் காயவைப்பது நம் வேலை. இதில் கௌரவம் பார்க்காதீர்கள். பெல்ட் போல்ட் சரியாக முடுக்கப்படாவிட்டால் நடப்பது விபரீதம். கழற்றும்போதே ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், பிறகு "இது எங்கேம்மா?" என்று யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள்.

கார்ப்பெட்டைத் தரையில் அறைந்தாற்போல் தட்டுங்கள். வருகிற மண்ணைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள்! தட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். பிறகு மொட்டை மாடியில் விரித்து, சலவைத்தூள் கரைத்த தண்ணீரை விட்டு நைலான் பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். முறுக்கிப் பிழிவதோ, நாலாக மடித்து மேலே ஏறி மிதிப்பதோ கூடாது. வண்டித் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி சூட்டில் அச்சுப் பிடித்த துணி அது. அமைப்புக் கெட்டால் மறுபடி சரியாக உட்காராது.

பால் சிந்திய இடத்தில் வெந்நீர் ஊற்றாதீர்கள், கறை கெட்டிப்பட்டுவிடும். பச்சைத் தண்ணீரும் என்சைம் கலந்த சலவைத்தூளும் போதும். சாம்பார் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துபோகும். பதறாதீர்கள், மஞ்சளின் குணம் அது. காரம் பட்டால் சிவக்கும், நன்றாக அலசி வெயில் காட்டினால் வெளுக்கும். வாடைக்கு ஒரு பங்கு வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து அலசலாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். நிறம் போகும். வினிகரோடு சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

மெத்தை தனியாக வந்தால் அதையும் அலசலாம். கார்ப்பெட்டோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பஞ்சு மெத்தை கறுத்து, பிய்ந்து உதிர்கிறதென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மேல். 2015-லும் 2023-லும் சென்னையில் பார்த்த மாதிரி சாக்கடை கலந்த வெள்ளம் வண்டிக்குள் வந்திருந்தால் இதில் யோசனையே வேண்டாம். அந்த மெத்தையைக் கையுறை போட்டு எடுத்து எறிந்துவிடுங்கள்.

காயவைக்க நம் பழைய கயிற்றுக் கட்டிலைப் போல ஒன்று கிடையாது. மேலும் கீழும் காற்றோடும். பூப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டால் சாயம் மங்காது. கார்ப்பெட் ஒரு நாளில் காய்ந்துவிடும். மெத்தைக்கு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். ஆகவே அடைமழையில் இதைத் தொடங்காமல், பொங்கல் கழித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதுவரை மேட்டுகளை எடுத்துவிட்டு, கார்ப்பெட் ஓரங்களைத் தூக்கி அடியில் மரக்கட்டை கொடுத்து, கதவைத் திறந்து மேசை விசிறியைக் காட்டலாம்.

வண்டித் தரை வெறுமையாக இருக்கும் இந்தச் சமயம் மறுபடி எளிதில் வாய்க்காது. வாளியோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், ஓரமெல்லாம் வயர்கள் ஓடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துரு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இரண்டு தடவை பார்க்கவும். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் மேலே பெயின்ட் பூசினால் தகடு பிழைக்கும். தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டியிருக்கும் அட்டைகளை அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள். சத்தத்தைக் குறைக்க வைத்தது அது.

டிரைவர் குதிகால் படுகிற இடத்தில் கார்ப்பெட் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். அதற்காகப் புதுக் கார்ப்பெட் வேண்டாம். சீட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு துண்டு வெட்டி எடுங்கள். ஓட்டையைச் சதுரமாக்கி, அடியில் தடித்த துணி கொடுத்து, பசை போட்டு ஒட்டி, ஓரத்தைக் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். சேலை இழை போடத் தெரிந்த கைக்கு இது எம்மாத்திரம்!

எதிர்வீட்டுப் பையனுக்கு இப்போது காரில் தும்மல் குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்ன மருந்தும் நடக்கிறது, அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? வண்டியை விற்கிற பேச்சு மட்டும் அடங்கியிருக்கிறது.

எல்லாம் மாட்டியானதும் மேட் போடுவோம் அல்லவா? அழகுக்காக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. டிரைவர் பக்கம் அது கூடவே கூடாது. 2009-ல் அமெரிக்காவில் மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டரில் மாட்டிக்கொள்ளும் என்பதற்காகவே டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு விட்டது. ஒரே மேட்டைக் கொக்கியில் மாட்டுங்கள். இன்ஜினை ஓடவிடாமல், மூன்று பெடல்களையும் காலால் முழுக்க அழுத்தி, தடங்கலில்லாமல் மேலே திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.